கலைக்கூடம் கட்ட முதல் ஒரு பதிவுப் புத்தகம் வாங்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

திருகோணமலைக்கு ஒரு கலைக்கூடம் வேணும், அதில எல்லாச் சனத்தின்ட கலையும் இருக்கவேணும் எண்டு கொஞ்சக் காலமா ஆக்கள் கதைக்கிறாங்க. கூட்டத்தில கதைக்கிறாங்க, கலியாண வீட்டில கதைக்கிறாங்க, என்ட கடைக்கு வாற ஆக்களும் கதைக்கிறாங்க, நான் டவுனில பிரேம் கடை வெச்சிருக்கிறன். நல்ல விசயம்தான், வேணாம் எண்டு சொல்ல வரேல்ல. ஆனா கதை முழுக்கக் கட்டடத்தைச் சுத்தியே போகுது. எங்க கட்டுறது, காசு ஆர் தாறது, திறப்பு விழாவுக்கு ஆரைக் கூப்பிடுறது. சரி ஐயா உள்ளுக்கு என்னத்தை வெக்கப் போறீங்க எண்டு கேட்டா உடன ஒரு பதில் வரும், ஒரு பரதநாட்டியப் படம், ஒரு முஸ்லிம் கலியாணப் பொண்ணு படம், ஒரு கண்டி மேளக்காரன், ஒரு சேர்ச், நாலும் சமனா மாட்டினா முடிஞ்சுது, ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது எண்டு. வங்கியில புது வருசத்துக்குக் குடுக்கிற கலண்டர் மாதிரி.

எனக்கு இது சரியாப் படேல்ல. படத்துக்குள்ள ஆர் நிக்கிறாங்க எண்டு எண்ணிப் பார்த்து ஒண்டும் ஆகாது. நாலு படத்தையும் கொழும்பில இருக்கிற ஒரே ஆள் கீறியிருக்கலாம், நாலையும் ஒரே கந்தோரில ஒரே அதிகாரி தெரிவு செஞ்சிருக்கலாம். அந்தச் சாமானைச் செஞ்ச கை ஆரின்ட, இதை வாங்குவம் அதை விடுவம் எண்டு சொன்னது ஆர், காசு ஆரின்ட கைக்குப் போனது, கீழ எழுதியிருக்கிற பேர் ஆரின்ட, அதைத்தான் முதல் பாக்கவேணும்.

பிரேம் கடைக்காரனுக்கு ஒரு வசதி இருக்கு, ஊரில இருக்கிற வீட்டுச் சுவர் எல்லாம் அவனுக்குத் தெரியும். கிண்ணியாவில இருந்து ஆயத்துல் குர்ஸி எண்ட குர்ஆன் வசனம் எழுதின கறுப்புத் துணி வரும், பாலையூற்றில இருந்து போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் வழி வந்த பறங்கி ஆக்கள் திரு இருதயப் படம் கொண்டு வருவாங்க, அதே மேசையில கோணேசர் கோயில் படமும் கிடக்கும், சேருவிலப் பக்கத்தால வந்த புத்தர் படமும் கிடக்கும், ஆரோ ஒரு பிள்ளை ஏ எல் பாஸ் பண்ணின சேட்டிபிகேட்டும் செத்துப்போன அப்பாட படமும் கிடக்கும். இதுக்கு நடுவில எப்பவாவது கையால செஞ்ச ஒரு சாமான் வரும். உம்மம்மா தைச்ச பூத்துணி, மாமா கலியாணத்துக்கு முதல் பென்சிலால கீறின துறைமுகம், ஸ்டூடியோவில எடுத்துக் கையால கலர் அடிச்ச அந்தக் காலத்து கறுப்பு வெள்ளைப் போட்டோ. கொண்டு வாற ஆள் பேப்பரில சுத்தி வெக்கப்பட்டுக்கொண்டுதான் நீட்டுவார், "இது சும்மா பழசு, குறைஞ்ச பிரேமா ஒண்டைப் போட்டு விடுங்க" எண்டு சொல்லுவார். அதே ஆள் மெசினில அடிச்ச நீர்வீழ்ச்சிப் போஸ்டருக்கு நல்ல தங்கக் கரை வெச்ச பிரேம் கேப்பார். எங்கட ஆக்களுக்கு தங்கட வீட்டுக்குள்ள இருக்கிறது கலை எண்ட நினைப்பே இல்ல, அப்ப கலைக்கூடத்துக்கு எண்டு கேட்டா அவங்க எதைக் கொண்டு வருவாங்க எண்டு யோசிச்சுப் பாருங்க, போஸ்டரைத்தான்.

ஒருமுறை இஞ்ச ஒரு கந்தோர் நடத்தின கண்காட்சிக்கு பிரேம் வேலை எனக்கு வந்தது, எந்தக் கந்தோர் எண்டு சொல்லி ஒருத்தரையும் நோகப்பண்ண வேணாம். எண்ணெய்க் கலரில கீறின கடற்கரைப் படங்கள் கொஞ்சம், நடுவில பன் எண்ட புல்லில பின்னின மூதூர்ப் பக்கத்துப் பன்பாய் ஒண்டு. பாயை நான்தான் பலகையில இழுத்துக் கட்டினன். சிவப்பும் பச்சையும் ஊதாவும், நடுவில கட்டம் கட்டமாப் போய் கரையில திரும்பேக்க கோலம் எங்கயும் முறியேல்ல, மூலை நாலும் உள்ளுக்கு மடிச்சுப் பின்னி ஒரு நுனி கூட வெளிய தெரியாது, பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தா அதுவும் முன்பக்கம் மாதிரியே சுத்தமா இருந்தது. பன் வெட்டி, காயவெச்சு, சாயம் காய்ச்சி அதில அவிச்சு, பிறகு நிலத்தில குந்தியிருந்து பின்னுற வேலை அது, அந்த நோவு முதுகுக்குத்தான் தெரியும். கண்காட்சி அண்டைக்குப் போய்ப் பாத்தன். கடற்கரைப் படத்துக்குக் கீழ கீறினவரின்ட முழுப்பேர், பிறந்த ஊர், படிச்ச இடம், எடுத்த பரிசு எல்லாம் அடிச்சு ஒட்டியிருந்தாங்க. பாய்க்குக் கீழ "கிராமியக் கைவினை, மூதூர்" எண்டு மட்டும். அந்த மனிசி உயிரோட இருக்கிறா, பாயைக் கொண்டு வந்து குடுத்ததே அவட மகன்தான், பேர் கேக்கிறதுக்கு ஒரு நிமிசம் போதும். பொறுப்பா நிண்டவரிட்டக் கேட்டன், "அது அவங்க எல்லாரும் செய்யிறதுதானே" எண்டார். கடற்கரைப் படமும் எல்லாரும் கீறுறதுதானே ஐயா.

இது எங்கட ஊரில மட்டும் இருக்கிற வருத்தம் இல்ல. 2019இல அமெரிக்காவில பெரிய மியூசியம் 18இன்ட சேகரிப்பை எடுத்து எண்ணிப் பாத்து ஆய்வு ஒண்டு வெளியிட்டாங்க, அதில இருந்த கலைஞர்களில 85 வீதம் வெள்ளைக்கார ஆக்கள், 87 வீதம் ஆம்பிளைகள். லண்டனில இருக்கிற நேஷனல் கேலரியில ரெண்டாயிரத்துக்கு மேல படம் இருக்கு, பொம்பிளைகள் கீறினது மிச்சம் குறைவு, 2018இலதான் ஆர்ட்டெமிசியா எண்ட இத்தாலிக்காரி 1600களில தன்னையே கீறின படத்தை 36 இலட்சம் பவுண் குடுத்து வாங்கினாங்க. அவ கீறேக்கயே வாங்கியிருந்தா எவ்வளவு மலிவு எண்டு எனக்கு வியாபாரி மூளை போகுது. அதே 2018இல பால்டிமோர் மியூசியம் என்ன செஞ்சதெண்டா அண்டி வாரோல் மாதிரி பேர் போன ஓவியர்களின்ட ஏழு வேலையை விக்கிறதெண்டு முடிவெடுத்து அந்தக் காசில பொம்பிளைகளும் கறுப்பின ஆக்களும் செஞ்ச வேலைகளை வாங்க வெளிக்கிட்டது. பாதிப் பேர் கை தட்டினாங்க, பாதிப் பேர் ஏசினாங்க, 2020இல திரும்ப மூண்டு படம் விக்கப் போக எதிர்ப்பு கூடி ஏலம் தொடங்கிற நேரத்தில நிப்பாட்டினாங்க. நான் இதில ஆர் சரி ஆர் பிழை எண்டு சொல்ல வரேல்ல. நூறு வருசமா ஒரு பக்கமாச் சேர்த்துப் போட்டுப் பிறகு திருத்தப் போனா இப்படித்தான் வித்து, சண்டை பிடிச்சு, பேப்பரில வந்துதான் திருத்த வேண்டி வரும். எங்களிட்ட ஒரு சேகரிப்பும் இல்ல, அதால விக்கிறதுக்கும் ஒண்டும் இல்ல, வெறுங்கையோட தொடங்கிறவனுக்கு இருக்கிற ஒரே லாபம் அதுதான்.

கொழும்பைப் பாருங்க. 1943இல போட்டோக் கலைஞர் லயனல் வெண்ட்டின்ட வீட்டில கூடித் தொடங்கின 43 குழு எண்ட ஓவியர் கூட்டத்தைத்தான் இலங்கையின்ட நவீன ஓவியம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ரிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுஶ்ரீ தேரர் எண்டு பெரிய பெரிய ஆக்கள், வேலையில குறை சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஹரி பீரிஸ் இருந்த பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில சபுமல் பவுண்டேசனில அந்தப் படங்கள் இருக்கு, கொழும்புக்குப் போறவங்க பாக்கவேணும். ஆனா அந்தப் பேர்களைத் திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாருங்க, பொம்பிளை எங்க, கிழக்கு எங்க, வடக்கு எங்க. அவங்க வேணுமெண்டு விட்டாங்க எண்டு நான் சொல்லேல்ல, கூட்டாளிமார் கூடினா கூட்டாளிமார்தான் வருவாங்க, அது குழுவுக்குச் சரி. ஆனா ஒரு நாட்டின்ட சேகரிப்பு ஒரு கூட்டாளி வட்டத்தோட நிக்க ஏலாதுதானே. 2019 டிசம்பரில கொழும்பில நவீன சமகாலக் கலை மியூசியம் ஒண்டு தொடங்கினாங்க, அதில ஒரு விசயம் எனக்குப் பிடிச்சது, சுவரில இருக்கிற எழுத்து சிங்களம் தமிழ் இங்கிலிஷ் மூண்டிலயும் இருக்கு. கனக்க இடத்தில தமிழ் கீழ சின்னனா எழுத்துப் பிழையோட ஒட்டியிருக்கும், பாத்துப் பாத்து எங்களுக்குப் பழகிப்போச்சு. எங்கட இடத்தில சிங்களமும் அப்படிக் கீழ போகக்கூடாது, அதையும் இப்பவே சொல்லி வெக்கிறன்.

பதிவுப் புத்தகம் எண்டு ஏன் தலைப்புப் போட்டன் எண்டா, எங்கட கரையில இருந்து போன ஒரு சாமானைப் பத்திச் சொல்லவேணும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில தாரா எண்ட பௌத்தப் பெண் தெய்வத்தின்ட சிலை ஒண்டு இருக்கு, 143 சென்ரிமீற்றர் உயரம், கிட்டத்தட்ட ஒரு ஆள் அளவு, வெண்கலத்தில வார்த்துப் பொன் பூசினது, 8ஆம் நூற்றாண்டு எண்டு சொல்லுறாங்க. பிரவுண்ரிக் எண்ட பிரிட்டிஷ் தேசாதிபதி கையில போய் 1830இல மியூசியத்துக்குக் குடுபட்டது. அது எங்க கிடைச்சது எண்டு பாத்தா, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எங்கயோ. எங்கயோ எண்டா எது, ஈச்சிலம்பற்றா, வெருகலா, வாகரையா, பாணிச்சங்கேணியா? அண்டைக்கு எடுத்தவன் ஒரு வரி எழுதி வெச்சிருந்தா இண்டைக்கு ஒரு ஊருக்கு அது பெருமை. சிலை போனதை விட அந்த ஒரு வரி இல்லாமப் போனதுதான் எனக்குப் பெரிய நட்டமாப் படுது, சிலையைக் கேட்டுச் சண்டையாவது பிடிக்கலாம், எழுதாம விட்டதை ஆரிட்டப் போய்க் கேக்கிறது.

ஊருக்குள்ளயே மாத்தி நடந்த கதையும் இருக்கு. 1950இல டவுனில கிணறு வெட்டேக்க நிலத்துக்குள்ள இருந்து வெண்கலச் சாமிச் சிலைகள் வந்தது, போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடிச்ச காலத்தில புதைச்சு வெச்சதெண்டு சொல்லுறது. அதுகள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகேல்ல, கோயிலுக்குப் போய் சாமியாவே இருக்கு. அது சரிதான். எல்லாத்தையும் மியூசியத்துக்குள்ள கொண்டு வரவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. கோயில் சாமான் கோயிலில இருக்கட்டும், பள்ளிவாசல் சாமான் பள்ளியில இருக்கட்டும், சம்மதிச்சா ஒரு நல்ல போட்டோவும் நாலு வரி விபரமும் எங்களுக்குப் போதும். கூத்து உடுப்பும் அப்படித்தான், வடமோடிக் கூத்துக்குப் போடுற கரப்புடுப்பையும் முடியையும் வாங்கி அலுமாரிக்குள்ள பூட்டினா அடுத்த வருசம் கூத்துப் பழக்கிற அண்ணாவியார் என்னத்தைப் போட்டு ஆட்டுறது? ஆட்டம் இல்லாத மாசத்தில இரவலா வாங்கி வெச்சிட்டு நேரத்துக்குத் திருப்பிக் குடுக்கவேணும், போக்குவரத்துக் காசோட.

இனி இந்த ஆளுக்கொரு பங்கு எண்ட கதைக்கு வாறன். தமிழுக்கு ஒரு அறை, முஸ்லிமுக்கு ஒரு அறை, சிங்களத்துக்கு ஒரு அறை எண்டு பிரிச்சுத் தாங்க எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, நியாயம் போலத்தான் தெரியும். அப்ப பெரியகுளத்துப் பக்கம் இருக்கிற வெல்கம் விகாரையை எந்த அறையில போடுறது? தமிழ் ஆக்கள் நாதனார் கோயில் எண்டு சொன்ன இடம், சோழர் காலத்தில அதுக்கு இராஜராஜப் பெரும்பள்ளி எண்டு பேர், புத்தருக்குக் குடுத்த தானத்தைத் தமிழில கல்லில வெட்டி வெச்சிருக்கு. காலி நகரில 1911இல கண்டெடுத்த கல் ஒண்டு கொழும்பு மியூசியத்தில இருக்கு, சீனத்தில இருந்து கப்பலில வந்த செங் ஹே எண்ட கடற்படைத் தளபதி காலத்துக் கல், ஒரே கல்லில சீன மொழியில புத்தருக்கும் தமிழில தேனாவரை நாயனார் எண்ட சாமிக்கும் பாரசீக மொழியில அல்லாவுக்கும் காணிக்கை எழுதியிருக்கு, அதை மூண்டாப் பிளக்கிறதா? வெருகல் பக்கம் கரையோர வேடர் ஆக்கள் இருக்கிறாங்க, கதைக்கிறது தமிழ், அவங்களை எந்தக் கணக்கில சேர்ப்பீங்க, கேட்டீங்களா அவங்களிட்ட? பாலையூற்றுப் பறங்கி ஆக்களின்ட வீட்டில வயசு போனவங்க போர்த்துக்கீச மொழி கலந்து பாடுற பாட்டு இருக்கு, ஆட்டம் இருக்கு, அவங்க கொஞ்சப் பேர்தானே எண்டு மூலையில ஒரு படத்தோட முடிச்சிடுவீங்க. கொழும்பில தேசியக் கலைக்கூடம் இருக்கிற ரோட்டின்ட பேர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, அவர் முத்து குமாரசுவாமியின்ட மகன், தமிழ் அப்பாவும் இங்கிலிஷ் அம்மாவும், 1908இல அவர் எழுதின பெரிய புத்தகம் சிங்களக் கைவினையைப் பத்தி, அவர் சேர்த்த இந்தியப் படங்கள் 1917இல பொஸ்டனுக்குப் போனது. இவரை எந்த அறையில போடுறது எண்டு அறை பிரிக்கிற ஆக்கள் சொல்லட்டும்.

அதுக்காக எண்ணவே வேணாம் எண்டும் இல்ல. எண்ணாம விட்டா கூட்டாளிமார் வட்டம்தான் திரும்ப வரும், அதுவும் எனக்குத் தெரியும். அறையைப் பிரிக்காதீங்க, ஆனா வருசத்துக்கு ஒருக்காப் புத்தகத்தைத் திறந்து எண்ணுங்க. பொம்பிளைகள் செஞ்சது எத்தினை, டவுனுக்கு வெளிய இருந்து வந்தது எத்தினை, இன்னும் ஒரு சாமானும் வராத ஊர் எது, நாப்பது வயசுக்குக் குறைஞ்ச ஆக்கள் செஞ்சது இருக்கா. குறைஞ்ச பக்கத்தால அடுத்த வருசம் தேடிப் போங்க, எண்ணின கணக்கை பேப்பரிலயும் போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்.

பழசு எண்டதைப் பத்தியும் ஒண்டு சொல்லவேணும், இதை ஒருத்தரும் யோசிக்கிறதாத் தெரியேல்ல. தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தின சாமான்தான் தொல்பொருள், அதுக்குப் பிந்தின எங்கட அம்மம்மாட பெட்டி, பாய், போட்டோ ஒண்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்ல. சரி அப்ப நாங்களே பழசைச் சேர்ப்பம் எண்டு வெளிக்கிட்டா, பழசு இருக்கிறது ஆரின்ட வீட்டில? ஓடாம இருந்த ஆக்களின்ட வீட்டில. 2006 சண்டையில மூதூராலயும் சம்பூராலயும் உடுத்த உடுப்போட வெளிக்கிட்ட சனத்திட்ட என்ன பழசு இருக்கும், சம்பூர் ஆக்கள் ஒன்பது பத்து வருசத்துக்குப் பிறகுதான் காணிக்குத் திரும்பினாங்க, அங்க வீடே இல்ல. 2004 டிசம்பர் 26இல கடல் கொண்டு போன கரையோர வீடுகள் எத்தினை. பழைய சாமான் இருந்தாக் கொண்டு வாங்க எண்டு ஒரு அறிவித்தல் போட்டா, இழந்தவன் திரும்பவும் வெளியிலதான் நிப்பான், டவுனில மாடி வீட்டுக்காரர் மட்டும் பித்தளைக் குத்துவிளக்கோட வருவார். அதுக்கு வழி இல்லாம இல்ல. யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் இடம்பெயர்ந்த ஆக்களிட்டப் போய் அவங்க விட்டிட்டு வந்த வீட்டை நினைவில இருந்து தரைப்படமாக் கீறச் சொல்லி, அந்தக் கீறல்களை வெச்சே பெரிய வேலை ஒண்டு செஞ்சார், 2011இல வந்தது. கிணறு எங்க, மாமரம் எங்க, சாமி அறை எங்க எண்டு கீறத் தெரியாத ஆக்கள் கீறின கோடு. சம்பூர் ஆக்களிட்ட ஒரு பென்சிலும் பேப்பரும் குடுத்துக் கேட்டா அதுவும் சேகரிப்புத்தான், குத்துவிளக்குக்கு ஒரு இம்மியும் குறைஞ்சதில்ல. மட்டக்களப்பில கமலா வாசுகி மாதிரி ஆக்கள் பொம்பிளைகளோட சேர்ந்து கனகாலமா ஓவியம் செய்யிறாங்க, அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க எப்படிச் செய்யிறதெண்டு, பக்கத்து மாவட்டம்தானே.

புதுசுக்கும் இடம் வேணும். நவராத்திரிக்கு எங்கட ஊரில தெருவுக்குத் தெரு கும்பத்துமால் எண்ட பந்தல் போட்டுக் கும்பம் வெச்சு, கடைசி இரவு தட்டுத் தட்டாச் சோடிச்ச கும்பத்தைத் தலையில தூக்கிக்கொண்டு பெடியள் மேளத்துக்கு ஆடிக்கொண்டு போறது வேற ஊர் ஆக்கள் வந்து வாய் பிளந்து பாக்கிற விசயம். அதைச் சோடிக்கிற பெடியன் மற்ற நாளில ஓட்டோ ஓடுவான், அல்லது மீன் வாடியில நிப்பான், அவனை ஆரும் கலைஞன் எண்டு கூப்பிட்டதில்ல, விழா முடிய எல்லாத்தையும் கழட்டிடுவாங்க, ஆர் செஞ்சதெண்டு ஒரு இடத்திலயும் இருக்காது. முந்தி மூண்டு பாசையிலயும் கடைப் போட் எழுதின ஆக்கள் இருந்தாங்க, பிரஷ்ஷாலதான், சிங்கள எழுத்து வளைவைத் தமிழ் ஆள் எழுதினா சிங்கள ஆளே பிழை பிடிக்க மாட்டான், டிஜிட்டல் பிரிண்ட் வந்து அவ்வளவு பேரும் வீட்டில இருக்கிறாங்க. பழைய தகரப் போட் ரெண்டு மூண்டு இன்னும் சந்தைப் பக்கம் வெய்யிலில நிக்குது, அதைக் கழட்டிக் காயலான் கடைக்குப் போட முதல் வாங்கி வையுங்க. இது என்ட சொந்த ஆசை.

தெரிவு செய்யிற குழு எண்டு வந்தா எங்கட ஊரில ஆக்கள் ரெடி, ஓய்வு பெற்ற அதிபர், ஓய்வு பெற்ற பணிப்பாளர், சமயத்துக்கு ஒரு பெரியவர், பொன்னாடை. அவங்களும் இருக்கட்டும், ரெண்டு கதிரை. மிச்சக் கதிரையில பாய் பின்னுற ஒரு பொம்பிளை, ஒரு அண்ணாவியார், பழைய ஸ்டூடியோக்காரர் ஒருத்தர், கம்பஸில படிக்கிற பிள்ளை ஒண்டு, வீல்செயாரில வாற ஒருத்தர் இருக்கவேணும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆள் மாறவேணும், கூட்டத்துக்கு வாற அண்டைக்கு நாள் கூலி குடுக்கவேணும், ஏனெண்டா பாய்க்கார மனிசிக்கு ஒரு நாள் வேலை விட்டா அண்டைய உலை இல்ல. சாமான் வாங்கேக்கயும் அப்படித்தான். ஓவியருக்குக் காசு, பாய்க்கு மட்டும் "அன்பளிப்பாத் தாங்க, உங்கட ஊருக்குப் பேர் வரும்" எண்டு கேக்கிறது வெக்கக்கேடு.

அந்தப் பதிவுப் புத்தகம் பெரிய விசயம் இல்ல, கட்டைக் கொப்பி போதும், கம்பியூட்டரில ஒரு பிரதியும் வெச்சாச் சரி. ஒரு சாமான் வந்த உடன வருசமும் தொடர் நம்பரும் போட்டு, செஞ்ச ஆளின்ட பேர் அவங்க சொல்லுற மாதிரி, ஊர், எப்ப செஞ்சது, எதுக்குப் பாவிச்சது, என்னத்தால செஞ்சது, ஆர் தந்தது, வாங்கினதா இரவலா அன்பளிப்பா, எவ்வளவு குடுத்தது, போட்டோ எடுக்க விருப்பமா இல்லையா, தந்த ஆளின்ட கையெழுத்து, ஒரு பிரதி அவங்க கையில. செத்துப்போன ஆள் செஞ்சதெண்டா பிள்ளையளிட்டக் கேளுங்க, அவங்களுக்கும் தெரியாட்டி பக்கத்து வீட்டில கேளுங்க. பேர் தெரியாது எண்டு எழுத முதல் மூண்டு வீடாவது ஏறி இறங்கவேணும்.

கட்டடத்தைப் பத்தி நான் கதைக்கிறதெண்டா என்ட தொழில் பக்கத்தாலதான். கடல் காத்து இந்த ஊரில ஆணியைத் தின்னும், கண்ணாடி போட்டோவில ஒட்டினா பிறகு உரிக்க ஏலாது, உரிச்சா முகமும் சேர்ந்து வரும், அதால கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில மவுண்ட் எண்ட மட்டைக் கரை வெச்சு இடைவெளி விடவேணும். செலோடேப் ஒட்டவே கூடாது, அது மஞ்சளாகிப் பேப்பரைக் கறையாக்கும். பேப்பர், துணி, பாய் இதுகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் எண்டது வெளிச்சத்தை அளக்கிற கணக்கு) மேல போகக்கூடாதெண்டு மியூசியக்காரர் சொல்லுறது, எங்கட வழமை என்னெண்டா நடு ஹோலில டியூப் லைட் அஞ்சு, யன்னல் திறந்து வெய்யில். ஏசி வாங்கிப் போட்டு இரவில நிப்பாட்டுறதை விட காத்தோட்டம் நல்லா இருக்கிற, மழை ஒழுகாத, கறையான் ஏறாத ஒரு பழைய வீடு நல்லம். படத்தின்ட நடு நிலத்தில இருந்து 145 சென்ரிமீற்றரில வாறது பொதுவான கணக்கு, அதையும் கொஞ்சம் இறக்கி மாட்டினா வீல்செயாரில வாற ஆளுக்கும் ஆறு வயசுப் பிள்ளைக்கும் கழுத்து நோகாது, எழுத்தையும் பெருசா அடியுங்க. வாசலில படி மட்டும் வெச்சுக் கட்டிப்போட்டு எல்லாருக்குமான இடம் எண்டு போட் போடாதீங்க. கண் தெரியாத ஆக்களுக்கு பாரிஸில லூவர் மியூசியத்தில 1995இலயே தொட்டுப் பாக்கிற கூடம் திறந்தாங்க, வார்ப்புப் பிரதி வெச்சுத் தொடவிட்டாங்க. பன்பாய் ஒண்டைத் தொட விட எங்களுக்கு வார்ப்புக் கூடத் தேவையில்ல, அதே மனிசியிட்ட ரெண்டாவது பாய் ஒண்டு காசு குடுத்து வாங்கினாச் சரி.

எங்கட டவுனில மியூசியமே இல்ல எண்டும் சொல்ல ஏலாது, ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில கடற்படை வரலாற்று மியூசியம் இருக்கு, துறைமுகத்தின்ட கதை, கப்பல் கதை அங்க இருக்கு. அந்தத் துறைமுகத்தில மூட்டை தூக்கின ஆக்களின்ட கதை, அவங்களுக்குச் சோறு கட்டிக் குடுத்த ஆக்களின்ட கதைதான் இன்னும் ஒரு இடத்திலயும் இல்ல.

உங்கட பேப்பரிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. கட்டடம் எப்ப வருமோ தெரியாது, அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில ஒரு சின்ன மூலை தாங்க, கிழமைக்கு ஒரு சாமான், ஒரு போட்டோ, செஞ்ச ஆளின்ட பேர், ஊர், அவங்க விரும்பினா ரெண்டு வரி. மூதூர் ஒரு கிழமை, குச்சவெளி ஒரு கிழமை, கந்தளாய் ஒரு கிழமை, தம்பலகாமம் ஒரு கிழமை. விபரம் சேர்த்துத் தர நானும் இன்னும் ரெண்டு மூண்டு பேரும் ரெடி, முதல் கிழமைக்கு அந்த மூதூர்ப் பாய்க்கார அம்மாவிட்ட அனுமதி கேட்டு வெச்சிருக்கிறன், போட்டோ நல்லா விழவேணும், வெளிச்சத்துக்கு உங்கட போட்டோக்காரரைக் காலமைக்கே அனுப்பிவிடுங்க.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரன்,
திருகோணமலை.